அழகர் போட்டோல எதை வெட்டுறது, எதை விடுறது

சித்திரைத் திருவிழா முடிஞ்சா நம்ம ஊர்ல எல்லார் போன்லயும் ஒரே போட்டோ தான், வைகைக்குள்ள அழகர், தங்கக்குதிரை, முன்னாடி அம்புட்டு செல்போன் தூக்குன கை. டெலிட் பண்ணிராதீங்க மக்களே, பாதி போட்டோ கிராப்லயே தேறிரும்.

நான் எடுத்தது ஒண்ணு இருக்கு. கருப்பசாமி வேஷம் கட்டுன ஒருத்தர் ஆட்டுத்தோல் பைய அமுக்கி தண்ணி பீச்சுறாரு, ஆளு இடது பக்கம், தண்ணி வளைஞ்சு வலது பக்கம் போகுது, அந்த ஓரத்துல ஒரு ஐஸ் வண்டி, கீழ யாரோ ஒருத்தர் தலை. தம்பி பாத்துட்டு "மூஞ்சிய மட்டும் டைட்டா வைங்கண்ணே, செமயா இருக்கும்"னான். வச்சுப் பாத்தோம், மூஞ்சி என்னமோ நல்லாத்தான் இருக்கு, ஆனா மனுசன் எதுக்குப் பல்லக் கடிச்சுட்டு நிக்கிறாருன்னே புரியல. தண்ணி போனதும் போட்டோவுல உசுரே போச்சு. அப்புறம் ஐஸ் வண்டிய மட்டும் வெளிய தள்ளிட்டு, தண்ணி சிதறுற எடத்துக்கு அங்கிட்டு கொஞ்சம் காலியா விட்டேன். கீழ இருக்க தலைய எடுக்கப்போனா கரெக்டா அவரு முட்டியில வெட்டு விழுது. முட்டி, மணிக்கட்டு, கணுக்கால்ல எல்லாம் ஃப்ரேம் முடிஞ்சா ஆளையே நறுக்குன மாதிரி இருக்கும், அதான் இன்னும் மேல ஏத்தி தொடையில நிறுத்திட்டேன்.

டைட் கிராப்பே ஆகாதுன்னு சொல்லல. நம்ம ஆட்டோ பின்னாடி ஒட்டிருக்க சே குவேரா படம், 1960ல ஹவானால கோர்டா எடுத்தது, ஒரிஜினல்ல ஒரு பக்கம் இன்னொருத்தர் மூஞ்சி, இன்னொரு பக்கம் பனை மரம், ரெண்டையும் வெட்டுனது தான். அங்க அந்தப் பார்வை ஒண்ணே போதும்.

கிராப் பண்றப்ப வர்ற கட்டம் இருக்குல்ல, மூணுல ஒரு பங்கு கோடு, ஆளு ஒரு பக்கம் பாத்தா உதவும். தெருவுல நேரா நின்னு கோபுரம் எடுத்தா அதெல்லாம் வேணாம், நட்டநடுவுல வைங்க. சாஞ்சிருந்தா நிமித்தலாம், ஆனா நாலு மூலையிலயும் படம் போகும், எடுக்கும்போதே சுத்தி எடம் விட்டு எடுங்க.

ரொம்பவும் வெட்டாதீங்க. 24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 பிக்சல், அகலத்துல பாதி உயரத்துல பாதி வெட்டுனா மிஞ்சுறது 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல் தான். இன்ஸ்டாவுக்கு தாராளம். 12க்கு 8 இஞ்ச் பிரிண்ட், 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி வச்சு போடணும்னா 3600க்கு 2400 வேணும், பத்தாது.

பிரிண்ட்னதும் இன்னொண்ணு. போன் போட்டோ பெரும்பாலும் 4:3, கடையில போடுற மேக்சி சைஸ் பேப்பர் (6க்கு 4 இஞ்ச்) 3:2. அப்படியே பென்டிரைவக் குடுத்தா பேப்பர நெறைக்க படுக்கவாட்டுப் படத்துல மேலயும் கீழயும் போயிரும், கோபுரம் உச்சி வரைக்கும் இருந்தா கலசம் காலி. 3:2ல நீங்களே வெட்டிக் குடுத்துருங்க, எந்தக் கடையிலயும் ஒவ்வொண்ணா கேட்டுட்டு இருக்க மாட்டாங்க.