வெனிஸில் உட்காராதீர்கள்

61 யூரோ 60 சென்ட்! இரண்டு ஸ்ப்ரிட்ஸ் (ஒயின் கலந்த பானம்), மைக்ரோவேவில் சூடாக்கிய ஒரு தட்டு லசான்யா, ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். ரொட்டிக்கும் மேசைவிரிப்புக்கும் என்று ஆளுக்கு 4 யூரோ ‘கொபெர்த்தோ’, அதற்கு மேல் 12 சதவீதம் சர்வீஸ். ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளையடித்தார்கள். வீடு வந்து சேர்ந்தும் எரிச்சல் அடங்கவில்லை.

பெரியம்மா நேர்ந்துகொண்டதால் இத்தாலியில் இருக்கும் பதுவை அந்தோணியார் கோயிலுக்கு அண்ணன் வந்திருந்தார். நான் பதுவையில்தான் வேலை பார்க்கிறேன். வெனிஸ் ரயிலில் அரை மணி நேரம். “இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காமப் போறதா?” என்றார். சரி, கிளம்பினோம்.

காலையில் வந்து இரவில் திரும்புகிறவர்களிடம் வெனிஸ் நகராட்சி 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. கூட்டம் அலைமோதும் நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. கடைசி நேரத்தில் பதிந்தால் 10 யூரோ. வெனெத்தோ மாநிலத்தில் குடியிருப்பதால் எனக்குக் கட்டணமில்லை, அண்ணனுக்கு உண்டு. அதனால் 4 மணிக்கு மேல் போய் இறங்கினோம். பத்து யூரோ மிச்சம்! ரியால்டோவில் அண்ணனுக்குக் கால் வலித்தது, மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. “நின்னுக்கிட்டே குடிக்கலாம்ணா” என்று நான் கெஞ்சியதை அவர் காதில் வாங்கவே இல்லை. பில்லை ரூபாயாக மாற்றிப் பார்த்து ஆறாயிரத்துக்கு மேல் என்றதும் கால் வலி போய்விட்டது.

இத்தாலிக்காரர்கள் காபிக்கு உட்காருவது குறைவு. கவுண்டரில் நின்று, இரண்டு மடக்கில் எஸ்ப்ரெஸோவை முடித்து, ஒன்றேகால் யூரோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே காபியை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னால் விலையே வேறு. எங்கள் தெரு பாரில் மட்டும் தாத்தாக்கள் ஒரு கிளாஸ் ஒயினை வைத்துக்கொண்டு மாலை முழுக்க பிரிஸ்கோலா சீட்டாடுவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அப்புறம் கன்னாரேஜோ பக்கம் நடந்து ஒரு ‘பாக்கரோ’வுக்குள் நுழைந்தோம். அதுதான் சாப்பாடு! சின்ன ஒயின் கடை, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகச் ‘சிக்கெத்தி’ என்கிற சின்னச் சின்னத் தீனிகள், ஒவ்வொன்றும் இரண்டு யூரோ. மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டையோடு அடுக்கி ஊறவிட்ட ‘சார்தே இன் சாவோர்’ நம்மூர் நேற்றைய மீன் குழம்பு மாதிரி, ஊற ஊறத்தான் ருசி. அண்ணன் நான்கு சாப்பிட்டார். பக்கத்திலேயே ‘பக்காலா மந்தெக்காத்தோ’: உப்பில்லாத கருவாட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய் பதத்துக்கு அடிக்கிறார்கள். 1432-இல் நார்வேயின் லோஃபோட்டன் தீவில் கப்பல் உடைந்து ஒதுங்கிய பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் அந்த மீனோடு ஊர் திரும்பினார் என்பார்கள். அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். நின்றபடியே இருவரும் வயிறு முட்டத் தின்று, ஆளுக்கொரு ஒயினும் குடித்து 25 யூரோகூட ஆகவில்லை.

ஸ்ப்ரிட்ஸ் வேண்டுமென்றால் பதுவைக்கு வாருங்கள். அதில் ஊற்றும் அபெரோல் என்ற ஆரஞ்சு நிற மது 1919-இல் பிறந்ததே இங்கேதான். பியாத்ஸா தெல்லே எர்பே சதுக்கத்தில் மாணவர்களோடு நின்று குடித்தால் நான்கு யூரோ, சிப்ஸ் சும்மா.

வபொரெத்தோ படகு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, அநியாயம். நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தோம். பிராந்திய ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம்.