பி.ஏ. தமிழும் பி.காமும் சேர்த்துப் படித்த கதை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ்தான். பன்னிரண்டு வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு 2022-ல் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். தமிழ் டீச்சர் ஆக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. கோபாலபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு வேறு ஆசை: "பி.காம். படி கண்ணு, கடைக் கணக்குக்கு வெளியாள் தேட வேண்டாம்."

அந்த ஏப்ரலில்தான் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்திருந்தது. இரண்டும் நேரில் போய்ப் படிப்பது என்றால் வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒன்று கல்லூரியில், இன்னொன்று தொலைநிலையிலோ ஆன்லைனிலோ என்றாலும் சரி. இரண்டுமே தொலைநிலை என்றாலும் சரி. பிஎச்.டி.க்கு மட்டும் இது கிடையாது. ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி.யை இதோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரே சேர்க்கை, ஒரே பாடத்திட்டம். இங்கே இரண்டு பல்கலைக்கழகம், இரண்டு பதிவு எண், இரண்டு தேர்வு அட்டவணை. தலைவலி முழுக்க அந்தக் கடைசி விஷயத்தில்தான் இருந்தது. சேரும்போது எனக்கு அது தெரியவில்லை.

பி.ஏ.யோடு பி.காமையும் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் படிப்பது என்று முடிவு செய்தேன். அப்பா அதைக் கேட்டதும் சொன்னது இதுதான்: "ஏஞ்சாமி, ஒத்தக் காளைய ரெண்டு வண்டியிலயா பூட்டறது?"

கல்லூரி அலுவலகத்தில் கேட்டபோது, "அது பற்றில்லா மோளே" (அது முடியாது மகளே) என்று மலையாளத்தில் சொன்னார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருடமாக நடைமுறை அப்படித்தான் இருந்தது. யு.ஜி.சி. வழிகாட்டுதலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்கில் சரி" (அப்படியானால் சரி) என்று திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்தேன். அப்புறம் அது பல இடத்தில் உதவியது.

அடுத்து சான்றிதழ். டி.சி.யும் மார்க் லிஸ்ட்டும் கல்லூரியில் கொடுத்தாகிவிட்டது, ஸ்கேன் எடுத்து வைக்கவில்லை. இது என் முட்டாள்தனம். நல்லவேளை, இக்னோ விண்ணப்பம் ஆன்லைனில்தான், அசல் கேட்கவில்லை. பிளஸ் டூ சான்றிதழை டிஜிலாக்கரிலிருந்து எடுத்து ஏற்றினேன். இப்போது தொலைநிலையில் சேர்பவர்கள் முதலில் ஏ.பி.சி. ஐடி (கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) எடுத்து, அதை வைத்து டெப் ஐடியும் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) உருவாக்க வேண்டும். என் காலத்தில் அந்த வேலை இல்லை.

நான் சேர்ந்த பி.காம். மொத்தம் 132 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் கணக்கு. பெருக்கிப் பாருங்கள், 3,960 மணி நேரம். மூன்று வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாள்கூட விடாமல் தினம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். இதைச் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து போட்டேன். அவ்வளவு நேரம் நான் படிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் கை ஒடிந்தது அசைன்மென்ட்டில். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்குத்தான், கையால் எழுதித் தர வேண்டும். நான் எடுத்தது ஆங்கில வழி. பகல் முழுக்க நன்னூல் சூத்திரம் ஒப்பித்த வாயோடு ராத்திரி தேய்மானத்தை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான காரியம் இல்லை. முதல் ஆறு மாதம் தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

2023 டிசம்பரில் நான் பயந்தது நடந்தது. பி.ஏ. மூன்றாம் செமஸ்டர் தேர்வும் பி.காம். தேர்வும் ஒரே நாள், ஒரே காலை. வகுப்பு நேரம் மோதக் கூடாது என்று விதி சொல்கிறது. தேர்வுத் தேதி மோதினால் மாணவர்தான் முடிவெடுக்க வேண்டும். நான் பி.ஏ. எழுதினேன். இக்னோவில் ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு உண்டு, மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசமும் உண்டு. அதனால் ஆள் தப்பித்தேன், கட்டிய தேர்வுக் கட்டணம்தான் போனது. இரண்டுமே நேரில் போய்ப் படிக்கும் பட்டமாக இருந்திருந்தால் ஒன்றில் அரியர்தான். 75 சதவீத வருகை வேறு இரண்டு பக்கமும் காட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், ஒன்றாவது தொலைநிலையாக இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

தேர்வு மையம் கோயமுத்தூரில் கேட்டிருந்தேன். வேலந்தாவளம் வழியாக விடியற்காலை பஸ். காலைத் தாள் 10 முதல் 1, மாலைத் தாள் 2 முதல் 5. இரண்டும் இருக்கிற நாளில் நடுவே ஒரு மணி நேரத்தில் கட்டுச்சோறும் கடைசி நேரப் புரட்டலும்.

லாபம் என்ன என்று கேட்பார்கள். வேலையைப் பற்றி இன்னும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு படிப்பும் எதிர்பாராத இடத்தில் கை கோத்துக்கொண்டன. காவிரிப்பூம்பட்டினத் துறையில் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தி உல்கு, அதாவது சுங்க வரி, வாங்கியதை வகுப்பில் நடத்தினார்கள். எல்லோரும் உவமையைக் குறித்துக்கொண்டிருக்க, நான் "எத்தனை சதவீதம் ஐயா?" என்று கேட்டு வகுப்பே சிரித்தது. வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா கேரள எல்லையில் இருந்த வாளையார் செக்போஸ்ட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் அங்கே லாரிகள் நின்ற வரிசை, தேங்காய் லோடோடு அவர் காத்துக் கிடந்த ராத்திரிகள். கல்லூரியில் நான் படித்த எதைப் பற்றியும் அப்பா அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பி.ஏ. 2025-ல் முடிந்தது. அந்த ஜூனில்தான் யு.ஜி.சி. இன்னொரு திருத்தமும் செய்தது: 2022 ஏப்ரல் 13-க்கு முன்பே, விதிப்படி, ஒரே சமயத்தில் படித்த இரண்டு பட்டங்களும் செல்லும் என்று. இரண்டு பட்டத்தில் ஒன்றை எல்லா விண்ணப்பத்திலும் மறைத்து எழுதிக்கொண்டிருந்த பெரியப்பா மகளுக்கு முதல் ஆளாகப் போன் செய்தேன். "இப்பச் சொல்றாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

எனக்கு பி.காமில் வருமான வரித் தாள் ஒன்று பாக்கி. மாமா கடையில் சாயங்காலம் பில் போட்டுக்கொண்டே புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அப்பா அந்தப் பக்கம் வந்தால், "இன்னொரு வண்டி எப்பச் சாமி ஊடு வந்து சேரும்?" என்கிறார். டிசம்பர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.