மேயர் அவர்களுக்கு வந்த மனுக்கள்

இலண்டனில் உள்ள நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர், சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சென்னை மேயர்களைப் பற்றியும் உள்ளாட்சியைப் பற்றியும் எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். மேயர்களுக்கு அருகில் இருந்து அரிய செய்திகளைக் கேட்டவன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நானோ மன்றத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். என் பொழுது தபால் பதிவேட்டோடும் தீர்மானப் புத்தகத்தோடும்தான் கழிந்தது. ஆயினும் அந்தப் பதிவேட்டில் நான் கண்ட ஒன்று சொல்லத்தக்கது. அதற்கு முன் நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குப் போயாக வேண்டும்.

1968ஆம் ஆண்டில் நமக்குச் சமூகப் பாடம் நடத்திய ஆசிரியரை நம் வகுப்பினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘நகராட்சி முறை’ என்ற பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்தால் தூக்கம்தான் வரும் என்று சொல்லிவிட்டு, வகுப்பையே ஒரு மாமன்றமாக மாற்றினார். நான்கு பெஞ்சுகளும் நான்கு வட்டங்கள், அதாவது வார்டுகள், ஆயின. ஒவ்வொரு வட்டமும் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்நாளில் சென்னையின் உண்மையான மேயரும் அவ்விதமே, ஆண்டுக்கு ஒருவராக, மன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். அன்று மேயரான நண்பர் இன்று உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறார். பெயரை நான் சொல்லப் போவதில்லை. எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் தீர்மானம் எழுதும் வேலை வந்தது. என் வாழ்க்கைத் தொழில் அன்றே முடிவாகிவிட்டது என்று பின்னாளில் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மன்றத்தின் முன் வந்த முதல் பொருள், தாழ்வாரத்துக்கு இரண்டாவது தண்ணீர்ப் பானை. இரண்டு வகுப்புகளுக்கு ஒரே பானை இருந்ததால் பகல் மணி அடிப்பதற்கு முன்பே அது காலியாகிவிடும். தீர்மானம் ஒரே நாளில் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு ஆசிரியர், ‘சரி, பானை வாங்கப் பணம்?’ என்றார். தலைக்கு 5 பைசா வரி என்று முடிவாயிற்று. 42 பேரில் 27 பேர் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களில் சிலருக்கு உண்மையிலேயே வழியில்லை; வேறு சிலர், வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறோம், நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். வரி கொடாதவன் பானையில் குடிக்கலாமா என்ற விவாதம் இரண்டு வாரம் நடந்தது. முன்வரிசைக் கவுன்சிலர் ஒருவர் வெளிநடப்புக்கூடச் செய்தார். இறுதியில், ‘பானையில் எவரும் குடிக்கலாம், கொடுக்க இயலாதவர் முறைவைத்துப் பானையைக் கழுவி நிரப்ப வேண்டும், கொடுக்க இயன்றும் கொடாதவர் பெயர் எழுதி ஒட்டப்படும்’ என்று நான் எழுதிய தீர்மானத்தின் வாசகம் இன்னும் நினைவில் நிற்கிறது. மூன்றாவது பகுதியை மட்டும் ஆசிரியர் அடித்துவிட்டார்.

பானை விவாதத்தின் இடைவேளைகளில் ஆசிரியர் சொன்ன வரலாறு எனக்குப் பாடமாகத் தோன்றியதில்லை. 1687இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அளித்த சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னைக்கு மாநகராட்சி வந்ததும், நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயரானதும், அவருக்குத் துணையாக 12 ஆல்டர்மன்களும் (மூத்த உறுப்பினர்கள்) 60 பர்ஜஸ்களும் (நகரத்தார் உறுப்பினர்கள்) வைக்கப்பட்டதும் அவர் வாயால் கேட்டவை. கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கும்பெனி ஊர்மக்கள்மீது இரக்கம் கொண்டா இதைச் செய்தது என்று ஒருவன் கேட்டான். வரி வசூலிக்க ஆள் வேண்டும். வரி கொடுப்பவனோ தன் ஆள் ஒருவன் கணக்குக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் முணுமுணுக்காமல் கொடுப்பான் என்று ஆசிரியர் பதில் சொன்னார். மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதையும், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்று மன்றம் தீர்மானித்ததையும் அவர் சொன்னபோது, பிற்பகலில் நம் தட்டில் விழுந்த கோதுமை உப்புமாவை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். ருசி மட்டும் மாறவில்லை.

அந்த ஆண்டுவிழாவுக்கு உண்மை மேயரே வந்தார். சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் டவாலிப் பட்டை அணிந்த ஏவலரான தபேதாரும் வருவார்கள் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தோம். அவரோ வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கி வந்தார். அங்கி மன்றத்துக்கும் பெரிய சடங்குகளுக்கும் மட்டும்தானாம். பின்வரிசை நண்பர்கள், இவர் மேயர் இல்லை, மேயரின் அண்ணன் என்று முடிவு செய்துவிட்டார்கள். விழா முடிந்ததும் நம் தெருவில் அச்சகம் வைத்திருந்த கவுன்சிலர், மேயரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பள்ளியின் பின்புறத்துக்கு அழைத்துப் போய், மூடியில்லாத வடிகாலைக் காட்டினார். ‘தலைவரே, நாளைக்கு மன்றத்தில் நான் கேட்டால் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது’ என்று அவர் சொன்னதை, பின்னால் போன நாங்கள் கேட்டோம். மறுமாதம் மூடி போட்டார்கள்.

அந்தக் கவுன்சிலரின் திண்ணையில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார். செய்ய முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வார், சில நேரம் கோபித்தும் அனுப்புவார். கோபித்துக்கொண்டு போனவர்கள் அடுத்த தேர்தலில் அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இரு தரப்புக்கும் பிடி இருந்தது.

நான் 1975இல் ரிப்பன் மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பிடி அறுந்திருந்தது. மஸ்டர் ரோல் எனப்படும் கூலியாட்களின் வருகைப் பட்டியலில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுகளை அடுத்து 1973இல் மன்றம் கலைக்கப்பட்டு, அதன் அதிகாரங்கள் அரசு நியமித்த தனி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டன. மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்ற சொற்களும் இல்லை. 1996 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள், அப்படியே நடந்தது. அந்தக் காலத்து அதிகாரிகளில் மிகத் திறமையானவர்கள் உண்டு. அவர்கள் போட்ட சாலைகளும் பாலங்களும் இன்றும் இருக்கின்றன. அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

ஆனால் தபாலில் வந்த மனுக்களில் பாதிக்கு மேல் ‘வணக்கத்துக்குரிய மேயர் அவர்களுக்கு’ என்றே தொடங்கின. தெருவிளக்கு, கைப்பம்பு, நாய்த் தொல்லை, பிறப்புப் பதிவில் பிழையான பெயர், சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர். நான் பதிவேட்டில் ‘பெறுநர்’ என்ற இடத்தில் ‘தனி அலுவலர்’ என்று திருத்தி எழுதி, உரிய துறைக்கு அனுப்புவேன். முதல் ஆண்டில் இது அறியாமை என்று நினைத்தேன். பத்தாவது ஆண்டிலும் அப்படியே வந்தபோது ஒரு நாள் மதியம், மூர் மார்க்கெட் பக்கம் மரத்தடியில் பெட்டி வைத்து மனு எழுதிக்கொண்டிருந்த பெரியவரிடம், மேயர் கிடையாது என்று தெரிந்தும் ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ‘தனி அலுவலர்னு எழுதினா, அது யாருப்பான்னு கேக்கறாங்க சார். மேயர்னு எழுதினாத்தான் ரெண்டு ரூபா குடுக்கறாங்க’ என்றார் அவர். 1985இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்த பிறகு அவரை அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. மனுக்கள் மட்டும் அதே விளியோடு வந்துகொண்டிருந்தன.

அந்த மனுக்களுக்குப் பதில் போகாமல் இல்லை. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’ என்று நானே நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன். எழுதியவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கோபித்துக்கொள்ள ஒரு திண்ணை இல்லை என்பதுதான் குறை. அதிகாரியிடம் கோபித்துக்கொள்ள ஏழைக்குத் துணிவு வராது. துணிந்து கேட்டாலும் அவர் அடுத்த ஆண்டு மாறுதலில் போய்விடுவார்.

இதற்கிடையே மேயர் நாற்காலியைச் சுற்றியிருந்த வேலைகளும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. 1939இல் மேயராக இருந்த சத்தியமூர்த்தி, நகரின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தை வற்புறுத்திப் பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944இல் அது நிறைவடைந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குச் சென்றன. குடிசைப் பகுதிகளுக்கு 1970இலேயே தனி வாரியம் வந்துவிட்டது. ஆகவே இன்று தெருவில் கழிவுநீர் பொங்கினால் மேயரைத் திட்டுகிறோம்; அது அவர் துறையன்று. மழைநீர் வடிகால் அவருடையது, பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது. மழை நாளில் இரண்டும் கலந்து வீட்டுக்குள் வரும்போது எது எவருடையது என்று நீரிடம் யார் கேட்பது?

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டுகள் என்றும், கலைக்கப்பட்டால் 6 மாதங்களுக்குள் தேர்தல் வேண்டும் என்றும் வகுத்தது. 1996இல் தேர்தல் வந்தது. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் பொறுப்பேற்றார். மன்றக் கூடத்து நாற்காலிகளைத் துடைத்து, 155 உறுப்பினர்களுக்குப் பெயர்ப் பலகை வைத்தபோது, தீர்மானம் எழுதும் முறை தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. 1973க்கு முன் பணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பழைய புத்தகங்களை வைத்து நாங்களே கற்றுக்கொண்டோம். ‘முன்மொழிந்தவர்’ என்று முதன்முதலாக எழுதியபோது நம் பள்ளித் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை அதுதான். அன்று மாலையே உறுப்பினர்கள் கூச்சலிட்டு மேசையைத் தட்டினார்கள் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். எனக்கு அது எரிச்சலாக இல்லை.

பிறகு முறை மாறிக்கொண்டே இருந்தது. 2001இலும் 2011இலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து, வார்டுகள் 200 ஆயின. நான் 2012இல் ஓய்வு பெற்றேன். 2016இல் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றுபோக, மீண்டும் தனி அலுவலர் வந்தார். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, மார்ச் 4 அன்று 28 வயதான ஆர். பிரியா, பட்டியலினத்திலிருந்து இந்நகருக்கு வந்த முதல் பெண் மேயராகப் பொறுப்பேற்றதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானபோது என் தாய் வியந்து பேசியதாக அக்கா சொல்வாள். இம்முறை வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் என் பேத்திக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை.

அந்த மன்றம் அமர்ந்து ஒரு மாதத்துக்குள் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னையில் அதற்கு முந்திய பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது. எங்கள் தெருவில் பலரும் கொதித்தார்கள். 24 ஆண்டுகள் ஒரே வரியைக் கட்டியிருக்கிறோமே என்று நான் சொன்னதற்கு, பென்ஷன் வாங்குபவர் பேசுகிறார் என்று ஒருவர் வாயை அடைத்துவிட்டார். நியாயமான அடி. ஆனால் அவரே மறுவாரம் புதிய கவுன்சிலரின் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அங்கே காத்திருந்தவர்கள் தனக்கு நாற்காலி கொடுக்கவில்லை என்பதுதான் அவருடைய மிகப் பெரிய மனக்குறை.

சென்ற ஆண்டு, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் ஒன்று நம் பள்ளியிலேயே நடந்தது. தாழ்வாரத்தில் பானை இருந்த இடத்தில் இப்போது எஃகுத் தொட்டியும் நான்கு குழாய்களும் இருக்கின்றன. கவுன்சிலருக்கு என் மகளைவிட வயது குறைவு. என்னை ‘ஐயா’ என்று அழைத்து முன்வரிசையில் உட்காரச் சொன்னார். பூ விற்கும் பெண்மணி ஒருவர் எழுந்து, பள்ளிக்குப் பின்புறத் தெருவில் விளக்கு எரியாமல் இருப்பதைச் சொன்னார். தண்ணீர் பற்றி ஒருவர் கேட்டார்; அது வாரியத்தின் வேலை, இருந்தாலும் நான் பேசிப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. குறிப்பு எடுக்க வேண்டிய ஊழியர் அன்று வரவில்லை போலும். கவுன்சிலர் தம் கைப்பேசியில் தட்டிக்கொண்டே பேச முயன்றார். நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, மேலே தேதியைப் போட்டு, தலைகளை எண்ணி எழுதினேன்: வந்திருந்தோர் 31 பேர். பொருள் எண் 1, பள்ளிப் பின்புறத் தெருவிளக்கு. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் எழுதுவதற்காக அந்தப் பெண்மணியிடம் பெயரைக் கேட்டபோது, ‘எம் பேரு எதுக்குங்க?’ என்று தயங்கினார். பிறகு முதலெழுத்தோடு சேர்த்துச் சொன்னார்.