பூக்கட்டிப் பார்த்த மாதிரி ஒரு குச்சி

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு நான் போனது கிருஷ்ணன் கோயிலுக்காகத்தான். ஆனால் அன்று அதிக நேரம் உட்கார்ந்திருந்தது பக்கத்துக் கோயிலில்.

அது குவான் இம் தோங் ஹூட் சோ கோயில். 1884-இல் தொடங்கியது, இப்போதிருப்பது 1982-இல் திரும்ப எடுத்துக் கட்டியது. கருணைக்கென்றே இருக்கும் அம்மன் குவான் இம். வாசலில் தாமரை மொட்டும் சாமந்தியும் வாளி வாளியாக விற்கிறார்கள். வெளியே இருக்கும் பெரிய தொட்டியில் ஊதுபத்தியைச் செருகிவிட்டு உள்ளே போனேன். பேச்சுச் சத்தமே இல்லை. மூங்கில் குச்சிகள் குலுங்கும் சளக் சளக் மட்டும்தான்.

நம் ஊரில் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்போமே, அதே சங்கதிதான். குவளைக்குள் எண் போட்ட 100 குச்சிகள். கம்பளத்தில் மண்டியிட்டு, கேட்க வேண்டியதை மனசில் கேட்டு, ஒரே ஒரு குச்சி கீழே விழும்வரை குலுக்க வேண்டும். அப்புறம் மாங்காயை இரண்டாக வகுந்தது போலிருக்கும் இரண்டு சிவப்புக் கட்டைகளைப் போட வேண்டும். ஒன்று தட்டைப் பக்கம் மேலே தெரியவும் ஒன்று குப்புறவும் விழுந்தால்தான் அந்த எண் நமக்கு.

முதல் தடவை எனக்கு மூன்று குச்சிகள் சேர்ந்தே விழுந்தன. பக்கத்திலிருந்த சீன ஆன்ட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு, குவளையை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். அடுத்து ஒன்றுதான் விழுந்தது. ஆனால் கட்டை இரண்டும் குப்புறக் கிடந்தன. 'இல்லை' என்று அர்த்தம். சரி, மறுபடி குலுக்கினேன். நான்காவது முறைதான் அம்மன் சம்மதித்தாள். எண்ணைச் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அதில் என்ன இருந்தது என்பது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம்.

கிருஷ்ணன் கோயில் சில எட்டுதான். 1870-இல் வந்தது, குவான் இம்முக்கும் மூத்தது. அதன் வாசலிலும் ஊதுபத்தித் தொட்டி இருக்கிறது. குவான் இம்மைக் கும்பிட்ட கையோடு சீனர்கள் இங்கேயும் வருகிறார்கள். ஒரு பாட்டி தாமரைக் கட்டில் பாதியை அங்கே வைத்துவிட்டு மீதியோடு வந்திருந்தார். பத்திகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி மூன்று முறை குனிந்தார். பக்கத்தில் நின்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.