கவுண்டு போரா

மயினிக்கு (அண்ணன் மனைவிக்கு) புற்றுநோய்க்கான ஆறு கீமோவும் முடிந்துவிட்டது. ஆபரேஷன், தையல், பயாப்சி ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. எங்களைப் பாடாய்ப் படுத்தியது ரத்த அணு எண்ணிக்கைதான். அதனாலேயே ஒரு பயணம் வீணானது, இன்னொன்று ரத்தானது. இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு பயணமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

நாலாவது கீமோ நாள். விடியுமுன் நாகர்கோவிலில் ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் ரத்தம் கொடுத்து, மூன்று மணி நேரம் காத்திருந்தோம். சிஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு "கவுண்டு போரா" என்றார். மயினி பையைத் தூக்கிக்கொண்டு, "எங்க சிஸ்டர் போவச் சொல்லுதிய?" என்று எழுந்தேவிட்டார். மலையாளத்தில் 'போரா' என்றால் போதாது. கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டது, வீட்டுக்குத்தான் போனோம்.

தாளில் மொத்த வெள்ளை அணு 3,100 என்று இருந்தது. கொஞ்சம்தானே குறைவு என்று நினைத்தோம். மொத்தத்தைப் பார்ப்பதே தப்பு. டாக்டர் பார்ப்பது கிருமியோடு போராடும் நியூட்ரோபில் என்ற ஒரு வகையை மட்டும், அதுவும் ஏ.என்.சி. என்கிற கணக்காக. மொத்த வெள்ளை அணுவை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். அன்று சதவீதம் 32. 3,100 × 32 ÷ 100 = 992. அடுத்த கீமோவுக்குப் பெரும்பாலும் 1,500 கேட்பார்கள் (சில மருந்துகளுக்கு 1,000 போதும்), கூடவே தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) ஒரு லட்சம். ஒரு வாரம் கழித்துப் போனபோது 3,800, நியூட்ரோபில் 52 சதவீதம். 1,976 வந்தது, மருந்து ஏறியது. மொத்தத்தில் 700தான் கூடியது, ஏ.என்.சி. இரட்டிப்பு.

அன்றிலிருந்து முந்தின நாளே ஊரில் பார்த்துக்கொண்டோம். அதிலும் பொறி உண்டு. முதல் லேபில் 'டி.சி.' (டோட்டல் கவுண்ட், அதாவது மொத்த எண்ணிக்கை) மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். வகைப் பிரிவு இல்லாத அந்தத் தாளை வைத்து ஏ.என்.சி. போட முடியாது. "சி.பி.சி., டிஃபரன்ஷியலோடு" (முழு ரத்த அணு எண்ணிக்கை, வகைப் பிரிவோடு) என்று கேளுங்கள். அலகையும் பாருங்கள். ஒரு லேப் 3.1 என்று போடும், இன்னொன்று 3,100 என்று போடும், இரண்டும் ஒன்றுதான். தட்டணு 150 என்று இருந்தால் ஒன்றரை லட்சம். அதைப் படித்துவிட்டு மாமி ஒப்பாரி வைக்காத குறை. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "வரலாமா?" என்று கேட்டபிறகே கிளம்புங்கள். கேரளத்தில் அன்று ஹர்த்தால் இல்லையே என்பதையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பஸ் எல்லையிலுள்ள களியக்காவிளையோடு நின்றுவிடும்.

இரண்டாவது கூத்து ஐந்தாவது கீமோவுக்கு முன். ஊர் லேபில் தட்டணு 58,000. பயணம் ரத்து. குளச்சலில் இருந்து இரண்டு பையன்கள் தட்டணு கொடுக்கத் தயாராக வந்து நின்றார்கள். மயினி உடம்பில் ஒரு செம்புள்ளி இல்லை, ஈறில் ரத்தம் இல்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கீமோ ஏறி ஏறி நரம்பு சுருங்கிப்போய், ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது. ஊதா மூடி டியூபை உடனே எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டார்கள். அப்படியானால் உள்ளே சிறு கட்டி விழும், தட்டணு அதில் மாட்டிக்கொள்ளும், மெஷின் குறைத்து எண்ணும். இன்னொரு காரணமும் உண்டு: சிலருக்கு அந்த டியூபில் ரத்தம் உறையாமலிருக்க வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்திலேயே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். "ஸ்மியர் போட்டு (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து) மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பாருங்கள், நீல மூடி சிட்ரேட் டியூபிலும் எடுங்கள்" என்று கேட்டால் தெரிந்துவிடும். மறுநாள் நீல மூடியில் 1.30 லட்சம். அந்த டியூபில் இருக்கும் திரவம் ரத்தத்தை நீர்த்துவிடுவதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும், 1.43 லட்சம் ஆகிறது. பையன்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். ரத்தக்கசிவும் காய்ச்சலும் இல்லாவிட்டால் பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் தட்டணு ஏற்றுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கொடுக்க வருகிறவர் மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது.

நியூட்ரோபில் ஏன் முதலில் விழுகிறது? ரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. தட்டணுவுக்கு 8 முதல் 10 நாள், சிவப்பணுவுக்கு 120 நாள். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்தினால் ஆயுள் குறைந்ததுதான் முதலில் காலியாகும். அதனால்தான் ஏழிலிருந்து பதினாலாம் நாள் வரை ஏ.என்.சி. அடிமட்டத்தில் கிடக்கும், ஹீமோகுளோபினோ ஒவ்வொரு சுற்றுக்கும் மெல்ல இறங்கும். மயினிக்கு 12.1-ல் தொடங்கி ஐந்தாவதில் 9.4.

நாலாவதுக்குப் பிறகு நியூட்ரோபிலைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி எழுதினார்கள், 300 மைக்ரோகிராம், தினம் ஒன்று. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழிந்துதான் போட வேண்டும். மருந்துக்கடையில் வெறும் கேரிபேக்கில் போட்டுக் கொடுத்தார்கள், சித்திரை வெயிலில்! 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. ஐஸ்பேக்கோடு கேட்டு வாங்குங்கள், ஊசி ஐஸைத் தொடாமல் துணி சுற்றுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். ஊசி நடக்கும்போது வெள்ளை அணு 18,000 என்று வந்தால் பதற வேண்டாம், நிறுத்தியதும் சட்டென்று இறங்கும். வாந்திக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோனும் எண்ணிக்கையைக் கொஞ்ச நாள் ஏற்றிக் காட்டும். ஃபில்கிராஸ்டிம் ஊசியால் இடுப்பெலும்பு குத்தும். அதற்குப் பாரசிட்டமால் போடுமுன் வெப்பமானி வைத்துப் பாருங்கள், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

ஏனென்றால் 100.4 டிகிரி வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். எங்களுக்கு அது பத்தாம் நாள் ராத்திரி வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் "காய்ச்சல்" என்றதும் ஓ.பி. சீட்டு கொடுத்து, இருமிக்கொண்டிருந்தவர்கள் நடுவே உட்கார வைத்தார்கள். நாற்பது நிமிஷம் போனது. முதல் வார்த்தையே "கீமோ எடுத்துப் பத்தாம் நாள், கவுண்டு குறைவு" என்று இருந்திருக்க வேண்டும். கீமோ அட்டையை நீட்டியதும்தான் ஓடினார்கள்.

சாப்பாட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பீட்ரூட்டும் மாதுளையும் நல்ல உணவு, நியூட்ரோபிலை ஏற்றாது. பப்பாளி இலைச்சாறு டெங்குவுக்குப் பேசப்படுவது. கீமோ நேரத்தில் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரும்பு மாத்திரையும் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான். மஜ்ஜை படுத்திருக்கும்போது இரும்பு மட்டும் என்ன செய்யும்? பழங்கஞ்சி, தெருவோரச் சர்பத், அரைவேக்காட்டு முட்டை மூன்றையும் நிறுத்தினோம். நன்றாக வெந்த முட்டை, சாளைக் குழம்பு, பயறு, தோலுரித்த ஏத்தம்பழம் போதும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) குறைத்தோம். வயிறு நிறையும், புரதம் சேராது. சோறு உண்ட கையோடு கட்டன்சாயா குடிப்பதை நிறுத்துவதற்குத்தான் மயினியோடு பெரிய சண்டை.

ஆறாவது கீமோவுக்கு ஏ.என்.சி. 2,210. அதே சிஸ்டர் தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரக் கட்டிலைக் கையால் காட்டினார்.