நாலடிப் பெட்டிக்குள் வெயில்: பியர்டட் ட்ராகனுக்கு விளக்கும் சூடும்

பியர்டட் ட்ராகன் வெயில் காயும் அவுஸ்திரேலியப் பல்லி. அதை வளர்ப்பதற்கான குளிர்நாட்டு வழிகாட்டிகள் பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே சொல்லும். கொழும்பில் கதை தலைகீழ். பகலில் அறையே 30 பாகை. பல்லி வெயில் காயும் கல்லை 40 பாகைக்கு ஏற்ற ஒரு சின்னப் பல்ப் போதும். மற்றப் பக்கம் அதோடு சேர்ந்து ஏறாமல் பார்ப்பதுதான் வேலை.

பெட்டி 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம். 12 மி.மீ. மரைன் பிளைவுட், முன்னால் வழுக்கிக் கண்ணாடி இரண்டு. உள்ளே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பொலியூரித்தேன் மூன்று பூச்சு. மணம் முற்றாகப் போகும்வரை திறந்தே கிடக்கட்டும். அடைமழைக் காலமென்றால் ஒரு வாரம் போதாது.

முதலில் போட்டது 75 வாட் ஹலோஜன். நண்பகலில் கல் 47 பாகை, எதிர்ப்பக்கம் 34. இது பல்லியை அவிக்கும் கணக்கு. 50 வாட்டுக்கு மாற்றி டிமர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூட்டியதும் கல் 41, எதிர்ப்பக்கம் 32. இதற்கு மேல் பல்பைக் குறைத்தால் கல்லும் ஆறிவிடும்.

மிச்சத்தைச் சரிசெய்தது ஓட்டைதான். இரு பக்கமும் மேலே ஒரே உயரத்தில் ஓட்டை போட்டிருந்தது பிழை. சூடான காற்று மேலே தேங்கியது; கீழே காற்று அசையவேயில்லை. குளிர்ப்பக்கம் தரையோடு 2 அங்குல ஓட்டை நான்கு, சூட்டுப்பக்கம் உச்சியில் நான்கு என்று மாற்றியபின் குளிர்ப்பக்கம் 31-க்கு இறங்கியது. வெளியேறும் ஓட்டையில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் 30.5. அதற்குக் கீழே எந்த ஓட்டையாலும் போக முடியாது, அறையே 30 என்பதால். அறை 32-க்குப் போகும் நாட்களில் 12 மணி முதல் 3 மணிவரை ஹலோஜனை நிறுத்திவிடலாம், யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு மட்டும் எரியட்டும். ஓட்டைகளுக்கு நெருக்கமான துருப்பிடிக்காத வலை வேண்டும். இல்லாவிட்டால் தீனிப்பூச்சியைத் தேடி எறும்பு வரிசை கட்டும்.

ஈரப்பதனும் இதே காற்றோடு சேர்ந்த விஷயம். 30 பாகையில் 78 வீதமாக இருக்கும் காற்று 35 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 59 வீதமாகிவிடும். ஆகவே சூட்டுப்பக்கம் தானாகக் காயும், நனைவது குளிர்ப்பக்கம்தான். தரையில் விரிக்கும் தும்புத்தூள் அங்கே ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேண்டாம். வீடு கட்டியபோது மிஞ்சிய சொரசொரப்பான தரை டைல் போதும்.

யூவிபிக்கு 24 வாட் டி5 (மெல்லிய) குழாய், யூவிபி 12 வீதம், நீளம் 22 அங்குலம். ரிஃப்ளெக்டரோடு கூரையின் உட்புறம், ஹலோஜனின் பக்கமாகவே. குழாயிலிருந்து பல்லியின் முதுகுக்கு 15 அங்குலம். அதற்காகத்தான் கல்மேடை 5 அங்குலத்தில் நின்றது. கண்ணாடி யூவிபியை மறித்துவிடும், கம்பிவலையும் மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைக்கும். ஹலோஜனுக்கு மட்டும் கம்பிக்கூடு போடவேண்டும், ஏறித் தொட்டால் தோல் வெந்துபோகும். குழாய் பளிச்சென்று எரிந்தாலும் யூவிபி தேய்ந்துகொண்டே போகும். மாட்டிய திகதியை அதன் முனையில் எழுதி, ஓராண்டில் மாற்றுங்கள்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டில் வழக்கமாக இருக்கும், பல்பை முள்ளில் மாட்டும் ‘பின்’ ஹோல்டர் பிளாஸ்டிக், சூட்டில் கருகும். மரை போட்ட செரமிக் ஹோல்டர் வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். 13 அம்பியர் பிளக்கில் வரும் 13 அம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 அம்பியர் போடுங்கள்: மொத்தச் சுமை 100 வாட்டுக்கும் குறைவு, அரை அம்பியர்கூட இல்லை. சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை டிமராக்கும் ஆசை பலருக்கு வரும். அது மோட்டருக்காகச் செய்தது, விட்டுவிடுங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சரை நேர் வெளிச்சத்தில் வைத்தால் அது தன் சூட்டையே காட்டும். கல்லின் நிழற்பக்கம் ஒட்டி, மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் அளப்பது சரி. ரிலே (தானியங்கி சுவிட்ச்) வைத்த தெர்மோஸ்டாட் பல்பை அணைத்து அணைத்து ஏற்றும். அதை 44 பாகையில் வெட்டும் காவலாக மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடக் கட்டுப்பாட்டை டிமரிடம் விடலாம்.

இரவுக்கு ஒன்றுமே வேண்டாம். சிவப்பு பல்ப், ஹீட் மேட் எல்லாம் இந்த ஊரில் வீண்செலவு. டைமர் மட்டும் பற்றரி உள்ள டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். சுற்றும் வட்டு டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணிநேர மின்வெட்டுக்குப் பிறகு காலை ஆறரைக்கு விடியவேண்டிய பெட்டிக்குள் எட்டரைக்குத்தான் விடியும்.