பீடியும் இரண்டு இம்ப்ளான்ட்டும்: காரைக்குடி நாட்குறிப்பு

நவம்பர் 28, 2023, செவ்வாய்

கிளினிக் மூடுகிற நேரத்தில் ஒரு சமையல் மாஸ்டர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் கோட்டை அடுப்புக்கு முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவர், இந்தப் பக்கம் அவர் கைப்பக்குவத்தைச் சாப்பிடாதவர்கள் குறைவு. கீழே இடப்பக்கம் ஒரு கடைவாய்ப்பல், மேலே வலப்பக்கம் ஒன்று, இரண்டும் விழுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறேன், இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பல் போன இடத்தில் தாடை எலும்பில் டைட்டானிய ஸ்க்ரூ பதித்து, அது எலும்போடு ஒட்டியதும் மேலே பல் கட்டுவது அது. "கழட்டி மாட்டுற செட்டு வேணாம் தாயி, தேங்குழலைக் கடிச்சுப் பாத்துப் பதம் சொல்றவன் நான்" என்றார்.

வாயைத் திறந்ததும் அண்ணம்தான் கண்ணில் பட்டது. வெளுத்துத் தடித்த தோல், நடுநடுவே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். வருஷக்கணக்காகப் புகையின் சூடு பட்டு, அங்கே இருக்கும் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் சிவந்து தெரிவது அது. நான் கேட்பதற்கு முன்பே "நாளைக்கு ஒரு கட்டு" என்றார். பீடி.

ஈறு மட்டும் பார்க்க நன்றாக இருந்தது. வீக்கம் இல்லை, கருவியை விட்டு ஆழம் பார்த்தபோதும் ரத்தம் பெரிதாக வரவில்லை. புகைப்பவர்கள் வாயில் எனக்குப் பயம் தருவதே இதுதான். நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைப்பதால் உள்ளே நோய் இருந்தாலும் ஈறு காட்டிக்கொடுக்காது; எலும்பு பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும், ஆளோ எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

முடியாது என்று திருப்பி அனுப்பவில்லை. பீடியை விடுவதுதான் வைத்தியத்தின் முதல் பாகம், ஸ்க்ரூ எல்லாம் அப்புறம் என்றேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். (இவரைப் பற்றி எழுத அவரிடம் கேட்டுவிட்டேன். பேரும் ஊரும் வராது.)

டிசம்பர் 7, வியாழன்

வந்துவிட்டார், மதுரையில் எடுத்த ஸ்கேனோடு. கீழ்த்தாடை எலும்பு அருமை. மேலே உயரம் போதும், ஆனால் எலும்பு தளர்வு. மேல்தாடையின் பின்பக்கம் பொதுவாகவே அப்படித்தான் இருக்கும், புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் அதிகமாகத் தோற்பதும் மேல்தாடையில்தான். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

எத்தனை நாள் விட வேண்டும் என்று கேட்டார். வைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்தி, வைத்த பிறகு எட்டு வாரம் தொடக்கூடாது என்பது 1990களில் இருந்து வழக்கத்தில் இருக்கிற கணக்கு. முன்னால் அந்த ஒரு வாரம் ரத்தத்தின் கெட்டித்தன்மை குறைய, பின்னால் எட்டு வாரம் எலும்பு பிடிக்க. அதுவே குறைந்தபட்சம் என்றும் சொன்னேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அடுப்பு அணைந்திருக்கும், அதனால் மார்கழி பிறந்ததும் வைப்பதென்று முடிவு. நிக்கோட்டின் சூயிங் கம் எழுதிக் கொடுத்தேன், ஆபரேஷனுக்குப் பிறகு மெல்லக்கூடாது என்பதால் தோலில் ஒட்டும் பட்டை. இரண்டிலும் நிக்கோட்டின் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடு இல்லை, ஹைட்ரஜன் சயனைடு இல்லை, சூடு இல்லை, புகையை உறிஞ்சுகிற இழுப்பும் இல்லை. பீடியா பட்டையா என்றால் நான் யோசிக்காமல் பட்டை என்பேன். சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் 11, திங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி, பெங்களூரில் வேலை, அவருக்கும் இம்ப்ளான்ட் வேண்டுமாம். "நான் சிகரெட் இல்லை மேடம், வேப்தான், அதுல புகையே கிடையாது" என்றார். 2019லேயே நாடு முழுக்கத் தடை செய்த மின்சிகரெட் அது, எங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. நிக்கோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் குழாய் சுருங்கத்தான் செய்யும். அவருக்கும் அதே ஒரு வாரம், எட்டு வாரம்.

டிசம்பர் 20, புதன்

மாஸ்டருக்கு இன்று இரண்டையும் வைத்தேன். ஒரு வாரமாகப் பீடி இல்லை என்றார், நம்புகிறேன், விரலிலும் சட்டையிலும் அந்த வாடை இல்லை.

துளையிடும்போது எலும்பின் மேல் விடாமல் உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்போம், ஏனென்றால் 47 டிகிரிச் சூட்டை ஒரு நிமிஷம் தாண்டினாலே எலும்பு செத்துப்போகும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், நெருப்போடு வாழ்கிறவர், உடனே பிடித்துக்கொண்டார். கீழே துளை போட்டதும் ரத்தம் ஊறிக் குழி நிறைந்தது, ஸ்க்ரூ 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு மேல், நல்ல இறுக்கத்தில் நின்றது. மேலே ரத்தம் மெதுவாகத்தான் வந்தது. இறுக்கமும் குறைவு, அதனால் ஈறை மூடித் தைத்து ஐந்து மாதத்துக்கு மேல் தொடாமல் விடுவதென்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 30, சனி

தையல் பிரித்தாயிற்று. காயம் நன்றாக மூடியிருக்கிறது. மாஸ்டர் முகத்தில் வேறு ஒரு சந்தோஷம்: வீட்டில் வெண்டைக்காய் மண்டி வைத்தார்களாம், உப்பு தூக்கலாக இருப்பது வாயில் வைத்த உடனே தெரிந்ததாம். "இத்தனை வருசமா ஒரு கை கூடத்தான் போட்டிருக்கேன் போல" என்றார். பீடியை விட்ட கொஞ்ச நாளில் நாக்கும் மூக்கும் திரும்பும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு சமையற்காரர் அதைச் சொல்லிக் கேட்பது தனி.

ஜனவரி 17, 2024, புதன், காணும் பொங்கல்

கிளினிக் லீவு. மாஸ்டருக்கு போன் செய்தேன், காரணம் இருக்கிறது.

வைத்த அன்று இம்ப்ளான்ட் நிற்பது சுவரில் ஆணி நிற்பது போன்ற வெறும் பிடிப்பு. அப்புறம் அதைச் சுற்றியுள்ள பழைய எலும்பை உடம்பு கரைக்கும், அந்த இடத்தில் புது எலும்பு கட்டும். பழசு போய்ப் புதுசு முழுதாக வராத மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பிடிப்பு எல்லாவற்றையும்விடக் குறைவு. நோயாளிக்கு அப்போது ஒன்றுமே தெரியாது. வலி போயிருக்கும், வீக்கம் போயிருக்கும், எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும். சரியாக அந்த வாரத்தில் இவருக்குத் தை பிறந்திருக்கிறது, முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

புது எலும்பு கட்ட ரத்தம் வேண்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் வேண்டும். நிக்கோட்டின் ரத்தம் வரும் வழியைக் குறுக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே வருகிற கொஞ்ச ரத்தத்திலும் ஒரு பங்கு வெறுங்கையோடு வருகிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்களும் புகையால் மந்தமாகிவிடுகின்றன. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டும் என்பதே, 1952இல் சுவீடனின் பிரானெமார்க் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கூடு திரும்பக் கழற்ற வராமல் போனதால் தெரிந்த விஷயம். 1965இல்தான் முதல் மனிதருக்கு வைத்தார். ஆக, ஒட்ட வைப்பது நான் இல்லை, அவர் உடம்புதான். நான் செய்யக்கூடியது அன்றைக்கே முடிந்துவிட்டது.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: பெயின், மாய் என்ற இருவர் 1993இல் 540 நோயாளிகளின் 2194 இம்ப்ளான்ட்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புகைக்காதவர்களுக்குத் தோற்றது 4.76 சதவீதம், புகைப்பவர்களுக்கு 11.28. இன்றைய இம்ப்ளான்ட்கள் சொரசொரப்பான மேற்பரப்போடு வருவதால் இரண்டு தரப்புக்கும் நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனாலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்கிற இடைவெளி போகவில்லை. புகைப்பவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. "எங்க மச்சானும் ஊதுறார், அவருக்கு நிக்குதே" என்று ஒருவர் சொன்னால் அது பொய் இல்லை. உங்களுக்கு நிற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, வெள்ளி

மாஸ்டர் வந்து தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்தார். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வீட்டு உள்முற்றமான இரண்டாம் கட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கந்தரப்பத்துக்கு மாவு ஆட்டி முடித்து, விடிந்தால் வெள்ளைப் பணியாரம், நடுவில் கூட இருந்த ஆட்கள் டீயோடு பற்ற வைத்தார்கள். "ஒண்ணுதான் தாயி" என்றவர் கொஞ்சம் கழித்து, "அதுல இருந்து நாளைக்கு அஞ்சாறு" என்றார்.

திட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திட்டினால் அடுத்த தடவை பொய் சொல்வார், பொய் சொன்னால் எனக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாமல் போகும். கடைசியாகப் பிடித்ததிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகும், அதனால் வேண்டாம் என்று தள்ளுகிற ஒவ்வொரு பீடிக்கும் பலன் இருக்கிறது, இன்றிலிருந்தே மறுபடி தொடங்குவோம் என்றேன். பட்டை இன்னும் மிச்சம் வைத்திருந்தார். தலையாட்டினார்.

மார்ச் 27, புதன்

கீழே வைத்த இம்ப்ளான்டைச் சோதித்தேன். பிரமாதமாகப் பிடித்திருக்கிறது, தட்டினால் கணீரென்கிறது. அளவு எடுத்தாயிற்று.

மாஸ்டர் சிரித்தார். "பாத்தீங்களா, அந்த அஞ்சாறு ஒண்ணும் பண்ணல." இப்போது அது மூன்று நான்காகக் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. கீழ்த்தாடை கெட்டி எலும்பு, அது தாங்கியதை வைத்து மேல்தாடைக்குச் சாட்சி சொல்ல முடியாது என்றேன். வலிக்கவே இல்லையே என்றார். வலிக்காது, அதுதான் என் கவலையே.

ஜூன் 5, புதன்

மேலே தைத்து மூடிய ஈறைத் திறக்கும் நாள். ஈறு வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் இல்லை. எக்ஸ்ரேயில் இம்ப்ளான்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. மூடியைக் கழற்றுவதற்காகத் திருப்பினேன், மூடியோடு இம்ப்ளான்டும் சேர்ந்து சுழன்றது. ஒட்டியிருந்தால் இப்படி விரல் பலத்துக்கு வரவே வராது. வெளியே எடுத்துப் பார்த்தால் மரை இடுக்குகளில் எலும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை, இளஞ்சிவப்பில் வழுவழுப்பான சவ்வுதான் சுற்றியிருந்தது. எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிட்டது.

அவர் கையில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தன மாசமா இது சும்மாவா உக்காந்திருந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, ஒரு தடவைகூட வலிக்காமல்.

பீடியால் மட்டும்தான் போனது என்று சத்தியம் பண்ண மாட்டேன். எலும்பு தளர்வு, முதல் நாள் இறுக்கமும் குறைவு. ஆனால் அப்படிப்பட்ட எலும்புக்குத்தான் அந்த எட்டு வாரம் முழுசாக வேண்டியிருந்தது. கெட்டி எலும்பு தப்பித்துக்கொள்ளும், தளர்ந்த எலும்புக்கு மிச்சம் மீதி கிடையாது.

ஜூன் 14, வெள்ளி

கீழே ஏற்கெனவே கேப் போட்டாயிற்று, அந்தப் பக்கமாகத் தேங்குழலைக் கடித்துப் பதம் சொல்கிறார், ஆள் திருப்திதான். ஆனால் பிடித்த இம்ப்ளான்டும் புகைக்குத் தப்பியது இல்லை. புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்டைச் சுற்றி அழற்சி வந்து எலும்பு இறங்குவது அதிகம், அதையும் அந்த ஈறு வெளியே காட்டாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும், வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே, வலி வந்தால் வருகிறேன் என்கிற பேச்சே கூடாது என்று அவர் வீட்டு அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த அம்மா கெட்டி, தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டார்.

மேலே எடுத்த குழி எலும்பாக நிரம்ப மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து புரட்டாசியில் அடுப்பு ஓயும், அப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்து மறுபடி வைக்கலாம். இந்தத் தடவை ஒரு வாரம் முன்னால் நிறுத்தினால் போதாது, இப்போதிருந்தே ஒன்றுகூடக் கூடாது, ஆவணிக் கல்யாணங்களைப் பீடி இல்லாமல் தாண்டி வந்தால்தான் தேதி தருவேன் என்று சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் இவருக்குச் சோதனை ஆபரேஷன் மேசையில் இல்லை, ராத்திரி இரண்டு மணி அடுப்படியில்தான். அவரே ஒரு வழி சொன்னார்: சமையலுக்கு ஆள் கூப்பிடும்போதே, கட்டுக்குள் யாரும் பற்ற வைக்கக்கூடாது, வேண்டுமானால் தெருவுக்குப் போய்விட்டு வரட்டும் என்று பேசிவிடப் போகிறாராம். நல்ல யோசனை. ஆவணியில் எப்படிப் போகிறதென்று இங்கேயே எழுதுகிறேன்.